மூடின ரெகுலேட்டர்

காலையிலிருந்து நின்றபடியே தம்ளர் கழுவியதில் உண்ணாமலைக்கு இரண்டு கெண்டைக்காலும் விண்விண்ணென்று தெறித்தன. வெந்து ஆறிய தோல் வெயில் நாளில் இழுக்கும். பௌர்ணமி என்பதால் செங்கம் ரோட்டில் மத்தியானமே மலை சுற்றுகிற கூட்டம். ஜூஸ் கடையில் உட்கார நேரமில்லை.

தழும்பு முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு பொட்டுகூட இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், பக்கத்து மெஸ்ஸில் அவள் சமைத்த காலத்தில், ஒரு விடிகாலை அத்தனை உயரத்துக்குத்தான் காஸ் தேங்கி நின்றது. "காஸு காத்தவிட கனம்க்கா. தண்ணியாட்டம் தரையிலதான் நிக்கும். அதுக்குனு வாசனையே கெடையாது. நாம உஷாராவணும்னுதான் நாத்தத்தக் கலக்குறாங்க. நூறு பங்குல ரெண்டு பங்கு இருந்தா போதும், பத்திக்கும்" என்று சிலிண்டர் போடும் மண்ணாங்கட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான்.

அன்றைக்கு அவளுக்கும் நாற்றம் தெரிந்தது. "கோஸு அழுகியிருக்கும், கற்பூரத்தக் கொளுத்து" என்றான் முதலாளி ராஜமாணிக்கம். அடுப்பு பற்றவைக்கும் முன் தரையில் கற்பூரம் ஏற்றுவது அந்த மெஸ்ஸின் வழக்கம். ஏற்றினாள். தரையோடு குப்பென்று பற்றியது. மூடினாலும் கசியும் பழைய ரெகுலேட்டர் அது. மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டிருந்தாள். விசாரணையில் அவன் சொன்னது வேறு: "ராத்திரி மூடாம போயிட்டா." அதோடு அவள் சமையல் போச்சு. கல்யாணத்துக்குச் சமைக்கும் கோஷ்டிகள் "மூடாத உண்ணாமலை" என்று பேர் வைத்துச் சிரித்தன.

இன்றைக்கு நாலு மணிக்கு, சுவரோரம் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக அதே நாற்றம் அவள் காலடிக்கு வந்தது. கழுவிய தண்ணீர் வாளியோடு வெளியே வந்தாள். மத்தியானம் பூட்டிப்போன மெஸ்ஸை அப்போதுதான் திறந்து, ராஜமாணிக்கம் அடுப்பு முன்னால் குந்தியிருந்தான். தட்டில் கற்பூரம். கையில் தீப்பெட்டி.

ஒன்றும் செய்ய வேண்டாம். நாலு எட்டு தள்ளி நின்றால் போதும். குந்தியிருப்பவனுக்குத் தீ முழங்காலோடு நிற்காது, கழுத்து வரைக்கும் வரும். அந்தக் கணக்கு அவளுக்கு இனித்தது.

"இன்னா வேடிக்க? வேல கேட்டு வந்தியா?"

"அன்னைக்கி நான் மூடினேன். அத விசாரிச்சவங்ககிட்ட போயி சொல்லு."

"பௌர்ணமியும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா? போடி. கோஸு மூட்ட வேற அழுகித் தொலைஞ்சிருக்குது." குச்சியை எடுத்தான்.

செத்தவன் வாயிலிருந்து அந்த உண்மை எப்படி வரும்? வாளியைத் தூக்கி அவன் தலையோடு ஊற்றினாள்.

"ஏய்!"

"லைட்டு போடாத. பின்கதவத் தொற."

முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு காலும் வேண்டாம் வேண்டாமென்றன. அதே பழைய ரெகுலேட்டர். திருகு மூடியேதான் இருந்தது. அடியில் உஸ்ஸென்ற சத்தம். அதைக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியை அழுத்தினாள். சத்தம் நின்றது. ரெகுலேட்டரை வாசலுக்குக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் திருகைத் தொட்டுப் பார்த்தான். "நான் மூடிட்டுத்தான் போனேன், உண்ணாமல. ரெண்டு மணிக்கி என் கையாலதான் மூடினேன்."

"நானுந்தான்."

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தான். ரோட்டில் மலை சுற்றப் போகிறவர்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அவன் முடியிலிருந்து எச்சில் தண்ணீர் சொட்டியது. ஒரு கற்பூரத் துண்டு வாசற்படி வரைக்கும் மிதந்து வந்து தட்டி நின்றது. உண்ணாமலை ரெகுலேட்டரை முந்தானையில் முடிந்துகொண்டு காலி வாளியை எடுத்தாள். "அவ மூடிட்டுத்தான் போனா" என்று நாலு பேர் முன்னால் அவன் சொல்ல வேண்டிய ஒரு சொல் இன்னும் பாக்கி.