லாப்டாப்பில் இருந்த கண்

"பச்சை கலரு உனக்கு எடுக்கல. வேற மாத்திக்கோ."

திரையின் மூலையில் வந்து நின்ற அந்த மின்னஞ்சலை யோகேஸ்வரி இரண்டு முறை படித்தாள். பிறகு குனிந்து தன்னைப் பார்த்தாள். காலையில் தோழி பிரவீனாவின் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த பச்சைச் சட்டை. அனுப்பியவன் அவள் கணவன் ஹேமநாதன். அவன் இருப்பது பல ஊர்கள் தள்ளி, பண்டார் தெங்காராவில். அவள் இந்தக் கடலோர ஊரான மெர்சிங்கில் இருப்பது பிரவீனாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

போன மாதம் ஹேமநாதன் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தினான். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ஐசி என்ற அடையாள அட்டை, சில துணிகள், இந்தப் பழைய லாப்டாப் ஆகியவற்றோடு பஸ் ஏறியவள்தான். குளுவாங் ஊரில் ஒரு இரும்புக் கடைக்கு இருந்த இடத்திலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அதற்கு லாப்டாப் வேண்டும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள். தொலைபேசி எண்ணைக்கூட மாற்றிவிட்டாள்.

படகுத்துறைக்கு எதிரே இருந்த பிரவீனாவின் டிக்கெட் கடையில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம். தீவுகளுக்குப் படகு இல்லை. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

பிரவீனா மின்னஞ்சலைப் படித்துவிட்டு எழுந்து முதலில் வைஃபையை நிறுத்தினாள். "இத அவன் தொட்டானா?"

"போன வருசம் ஸ்லோவா இருக்குன்னு அவன்தான் வாங்கிப் பாத்துத் தந்தான். அப்புறம் இன்னும் ஸ்லோவாத்தான் ஆச்சு."

உண்மைதான். அன்றிலிருந்து அது திறக்கவே ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரம் ஆகும். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் உள்ளே காற்றாடி இரைந்துகொண்டிருக்கும். பழசாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

பிரவீனா கேமராவை விரலால் மறைத்துக்கொண்டு, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தாள். பெயர் தெரியாத ஒன்று பாதி நினைவகத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள். "ஆதாரம் வேணும்ல. இது உன்னயும் பாத்திருக்கு, எங்க இருக்கன்னும் சொல்லியிருக்கு."

யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கடையின் பெயரும் முகவரியும் போட்ட பெரிய பலகை. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது அதையும்தான்.

"அவன் கிளம்பியிருப்பான், பிரவீ."

பிரவீனா போலீசைக் கூப்பிட்டாள். வழியில் மரம் விழுந்திருக்கிறது, வண்டி சுற்றித்தான் வரும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றார்கள். இருவரும் ஷட்டரை முழுவதும் இறக்கிப் பூட்டினார்கள். தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் கடைக்குள் பெரிதானது.

"இத இப்பவே அழிக்கணும்" என்றாள் யோகேஸ்வரி. "இது பக்கத்துல என்னால இருக்க முடியல."

பிரவீனா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். கடையின் பழைய கம்ப்யூட்டர் நகர மறுத்தபோது, அதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுத்த பென்டிரைவ் அது. பழைய இயந்திரங்களுக்கென்றே செய்த இலேசான லினக்ஸ். அதைச் செருகி, லாப்டாப்பை அணைத்துத் திறந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. சிறிது நேரத்தில் எளிமையான நீலப் பக்கம் ஒன்று வந்தது. காற்றாடி அடங்கியது. இத்தனை மாதமாகக் கேட்டுப் பழகிய அந்த இரைச்சல் நின்றதும் யோகேஸ்வரி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப பென்டிரைவுலதான் ஓடுது. உள்ள இருக்கறது அப்படியே இருக்கு. நீ சரின்னு அமுக்கினாத்தான் அது போகும். உன் கணக்கெல்லாம்?"

"அது நெட்டுல இருக்கு."

'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்ற வரிக்கு மேல் அம்புக்குறி நின்றது. யோகேஸ்வரியின் விரல் அசையவில்லை.

"என்னலா?" என்றாள் பிரவீனா.

"அழிச்சா அவனுக்குக் கோபம் வரும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. யோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. பாதியில் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. லாப்டாப்பின் பேட்டரி செத்துப் பல நாளாகிறது. மின்சாரம் போனால் எல்லாம் அரைகுறையாக நின்றுவிடும். யோகேஸ்வரி வயரைப் பிடித்துக்கொண்டாள், ஏதோ அதனால் மின்சாரம் போகாமல் இருக்கும் என்பதுபோல.

வெளியே கார் ஒன்று வந்து நின்றது. ஒரே ஒரு கதவு சாத்தும் சத்தம். போலீஸ் என்றால் இரண்டு கதவாவது சாத்தப்படும்.

"யோகி." குரல் மென்மையாக இருந்தது. "நான்தான். லாப்டாப் என்னாச்சு? திடீர்னு படம் வரல. பழுதாச்சா? குடு, பாத்துத் தரேன்."

பிரவீனா போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி ஷட்டரோரம் நீட்டினாள்.

"பிரவீனா, இது உனக்குத் தேவையில்லாத வேலை. தொற." ஷட்டரில் ஓர் உதை விழுந்தது. பூட்டு குலுங்கியது.

"தொறக்க மாட்டேன்" என்றாள் யோகேஸ்வரி. குரல் அவளுக்கே கேட்காத அளவு மெல்ல வந்தது. அவள் மறுபடியும் சொன்னாள். "நான் தொறக்க மாட்டேன்."

வெளியே அமைதி. உதையைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மழைக்குள் காலடி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

பின்கதவின் கைப்பிடி அசைந்தது.

அந்தத் தாழ்ப்பாள் பழசு, பாதிதான் விழும். இருவரும் ஓடினார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்காக வைத்திருந்த பெரிய ஐஸ் பெட்டியைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்து முதுகைக் கதவில் கொடுத்தார்கள். கதவில் விழுந்த ஒவ்வொரு இடியும் யோகேஸ்வரியின் முதுகெலும்பில் இறங்கியது. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கால்களைத் தரையில் ஊன்றினாள்.

போலீஸ் வண்டி வந்தபோது இடி நின்றது. ஹேமநாதன் சிரித்துக்கொண்டே மலாயில் பேசுவது கேட்டது. குடும்ப விஷயம், மனைவிக்கு மனசு சரியில்லை, கூட்டிப் போக வந்தேன் என்றான். வந்திருந்த போலீஸ்காரப் பெண் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறக்கச் சொல்லி இவர்களிடம் வந்தார். பிரவீனா ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, "படம் வரல" என்ற இடத்தை மலாயில் சொன்னாள். அந்தப் பெண் மின்னஞ்சலையும் பிரவீனா எடுத்த படத்தையும் பார்த்தார். அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஏறச் சொன்னார். அப்போது அவன் சிரிக்கவில்லை.

நிலையத்தில் யோகேஸ்வரி கையின் தழும்பையும் காட்டிப் புகார் கொடுத்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்ற உத்தரவு அந்த வாரமே கிடைத்தது. அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்ற செய்தியும் அதே வாரம் வந்தது.

லாப்டாப் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் திறக்கிறது. யோகேஸ்வரி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினாள். பிறகு கறுப்பு டேப்பைக் கிழித்துக் கேமராவின் மேல் ஒட்டினாள்.

"அதான் எல்லாம் போயிடுச்சே" என்றாள் பிரவீனா.

"தெரியும். இருந்துட்டுப் போகட்டும்."

இரும்புக் கடையின் மாதக் கணக்கைத் திறந்தாள். தெருவில் ஒரு கார் வேகம் குறைந்தது. அவள் விரல்கள் அந்தரத்தில் நின்றன. கார் போய்விட்டது. அவள் விட்ட இடத்திலிருந்து தட்டினாள்.