பார்க்காமல் விட்ட கல்

ஆட்டையாம்பட்டிக்காரரான சின்னண்ணனைப் பார்க்கப் போகும்போது, முறுக்குக்குப் பேர்போன அதே ஆட்டையாம்பட்டியிலேயே முறுக்கு வாங்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சபரிநாதனுக்குப் புத்தி தடுமாறியிருந்தது. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட காரியம். சின்னண்ணன் வீட்டுக்கு வர அவருக்கு முகமில்லை.

நாமக்கல்லில் சர்வே ஆபீஸ் வைத்திருக்கும் சபரிநாதனுக்குப் பதினாறு வருஷம் அளவுகோல் பிடித்தவர் சின்னண்ணன். போன வருஷம் ஒரு மீனவர் குப்பத்தில் கடல் தடுப்புச் சுவருக்கு உயரம் எடுக்கப் போனார்கள். கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை உயரம் என்று எண் பொறித்த கல் ஒன்று அங்கே உண்டு. அதை மட்டும் நம்பிவிடக் கூடாது, இன்னொரு கல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான்.

இரண்டாவது கல் முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருந்தது.

"படகு புடிச்சுப் போயி ஒருக்காப் பாத்துட்டு வந்தரலாமுங்க சார்" என்றார் சின்னண்ணன்.

மறுநாள் எருமப்பட்டியில் மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். "கல்லு எங்கீங்க ஓடிப்போவுது?" என்று சிரித்தபடி வண்டியில் ஏறிவிட்டார் சபரிநாதன். இரண்டாவது கல்லின் அளவை ஆபீசில் உட்கார்ந்து அவரே எழுதினார்.

முதல் கல் ஓடவில்லை, இறங்கியிருந்தது. ரோடு போட்டவர்கள் கல் இருந்த மேடையை இடித்து, எண்ணை மாற்றாமல் கல்லை மட்டும் ஒரு அடி தாழ்வாக நட்டு, சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். அதை நம்பிக் கட்டிய சுவரும் ஒரு அடி குட்டையாகிவிட்டது. கார்த்திகைப் புயலில் பதினோரு வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

"அப்புறம் ரெண்டாவது கல்லுல எப்படி ஒத்துப்போச்சு?" என்று புயலுக்குப் பிறகு நடந்த விசாரணையில் சபரிநாதனைக் கேட்டார் சுவர் வேலையைப் பார்த்த இன்ஜினியர்.

"நாந்தானுங்க கோலைச் சாச்சுப் புடிச்சு அளவைத் தப்பாக்கிட்டேன்" என்றார் சின்னண்ணன். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார்கள். சபரிநாதனும் வாயைத் திறக்காமல் நிறுத்தினார்.

இப்போது சபரிநாதன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சின்னண்ணனின் மனைவி ஆத்தாயி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். "எங்கூட்டுக்காரரால உங்களுக்குக் கெட்ட பேருங்க சாமி. மனசுல வெச்சுக்காதீங்க."

சபரிநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவியிடம்கூட இந்த மனுஷன் உண்மையைச் சொல்லவில்லை.

சின்னண்ணன் தரையைப் பார்த்தார். "எல்லாரு முன்னாடியும் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேனுங்க. பொறவு தனியா இன்ஜினியருகிட்ட நீங்களே உண்மையச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

சபரிநாதன் அங்கேயே இன்ஜினியருக்கு போன் போட்டார். "சார், ரெண்டாவது கல்லுக்கு நாங்க போகவே இல்லைங்க. சின்னண்ணன் கூப்பிட்டாரு, நாந்தான் போகலை. அந்த அளவு நான் பொய்யா எழுதுனது." எதிர்முனையில் கத்துவது வாசல் வரை கேட்டது.

ஆத்தாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"உம்மால பதினோரு ஊடு முழுவிப்போச்சுன்னு மூணு மாசமா ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்கவுடலையே நானு" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.