அடுப்படியைச் சுமந்த சைக்கிள்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிவசங்கருக்கு வாய் கொஞ்சம் நீளம். பளபளவென்று கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தால், "இதுல ஒரு மூட்டை மல்லாட்ட ஏத்திக்கினு ஏரிக்கரை மேல போவியா?" என்று கேட்காமல் விடமாட்டான். சைக்கிள் என்றால் சுமக்க வேண்டும், சேற்றிலும் சரளையிலும் போக வேண்டும், மற்றதெல்லாம் ஷோகேஸ் பொம்மை என்பது அவன் கட்சி. பேச்சுதான் அப்படியே தவிர, வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு வண்டியை லோடுக்குத் தயார் செய்தால், ஏற்றப்போகும் எடைக்கு மணல் மூட்டை கட்டித் தானே ஒரு நடை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பான்.

தை மாதத்தில் ஒருநாள் ஹேமா அக்கா தன் சைக்கிளோடு வந்து நின்றாள். சுற்றுப்பட்ட கிராமங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் தபால் கொண்டுபோகிறவள். சிவசங்கரின் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த கடிதத்தை, ஊரே வெள்ளத்தில் மிதந்த நாளில், முட்டியளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான். அதை அவன் மறக்கவில்லை.

"சிவா, ஒரு அடுப்படியையே வண்டியில ஏத்தணும். கட்டிக் குடுப்பியா?"

"இன்னாக்கா, ஓட்டல் வைக்கப் போறீங்களா?"

ஹேமா சிரிக்கவில்லை. அவளுடைய அக்கா நீலாஞ்சனா முப்பது வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுச் சமணத் துறவு வாங்கிக்கொண்டவள். இப்போது சுபமதி மாதாஜி. வெறுங்காலோடு ஊர் ஊராக நடப்பவர். பொன்னூரிலிருந்து மேல்சித்தாமூருக்கு நடக்கிறார், அங்கிருந்து கர்நாடகம். வயது அறுபத்தெட்டு, இனி இந்தப் பக்கம் திரும்பி வருவது நடக்கிற காரியமில்லை. நாளுக்கு ஒரே வேளை, யாராவது சுத்தமாகச் சமைத்துக் கொடுப்பதைக் கையில் வாங்கிச் சாப்பிடுவார். வழியில் எல்லா நாள் சாப்பாட்டையும் ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தொண்டூருக்கு வெளியே பாறைப் பக்கம் தங்கும் ஒரே ஒரு காலை மட்டும் ஹேமாவுக்குக் கிடைத்திருந்தது.

"முப்பது வருஷத்துல ஒரு வாய் சோறு அவங்களுக்கு நான் போட்டதில்ல சிவா. இதை வுட்டா அப்புறம் இல்ல."

"ஒரு ஆட்டோ பேசிடலாமேக்கா."

"அவங்க நடந்து வராங்க. நான் மிதிச்சாவது போறேனே."

அன்றைக்கே வேலையில் இறங்கினான். பத்து நாள் வேலை. செஞ்சியிலிருந்து பாதி தூரம் தார் ரோடு, பிறகு ஏரிக்கரை மண், கடைசியில் சரளையும் பாறையும். எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. பழைய டயர்களைக் கழற்றி, அகலமான டயர் போட்டான். பின் சக்கரத்துக்குத் தடித்த ஸ்போக்ஸ். பின்னாலுள்ள பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினான். வேகம் குறையும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்காது. கேரியருக்கு இரண்டு பக்கமும் அச்சுக்குச் சமமாகத் தாழ இரும்புச் சட்டம் பற்றவைத்தான்.

"வெயிட்ட மேல கட்டினா ஆளச் சாய்ச்சிடும். கீழ தொங்கவுட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்கும்" என்று விளக்கம் வேறு. அடுப்பும் பாத்திரமும் பின்னால் இரு பக்கம். பலகை, விறகு, சுற்றிக் கட்டும் துணி எல்லாம் முன்னால் ஒரு சட்டத்தில். மாவு, அரிசி, பருப்பு, நெய் இருக்கும் துணிப்பை மட்டும் மிச்சம். அது நசுங்காமல், ஆடாமல் இருக்க வேண்டும்.

சீட்டைத்தான் கடைசியாக மாற்றினான். தபால் சுற்றிச் சுற்றி ஹேமாவுக்கு இடுப்பு வலி உண்டு. பஞ்சு வைத்த சீட்டு அரை மணி நேரத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் தேசம் சுற்றி முடித்து ஊர் திரும்பும்போது கழற்றிக் கொடுத்த சீட்டு ஒன்று அவனிடம் இருந்தது. ஆறு வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான். எத்தனை பேர் கேட்டும் கொடுக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நோகாது. பின்பக்கம் பை மாட்ட இரண்டு வளையமும் உண்டு. அதை ஹேமா அக்காவின் வண்டியில் பூட்டினான். சொன்னால் வேண்டாம் என்பாள் என்று, மேலே ரெக்ஸின் உறை போட்டு மூடிவிட்டு, மளிகைப் பையின் வாரை அந்த வளையங்களில் கோத்துச் சீட்டோடு இறுக்கிக் காட்டினான். அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

குறித்த நாளில் விடியும்போதே ஹேமா கிளம்பிவிட்டாள். எட்டரை மணிக்கு டீக்கடையில் சிவசங்கர் பந்தல்காரர் தனசேகரனிடம் தன் பெருமையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். டயர், ஸ்போக்ஸ் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தனசேகரன் சீட்டு வந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"லெதரா?"

"ஒரிஜினல் லெதரு."

"அடப்பாவி. அந்தச் சமணருங்க வூட்டு விசேஷத்துக்குப் பந்தல் போடப் போனா, எங்க ஆளுங்க பெல்ட்டையே கழட்டி வெச்சிட்டுதான் உள்ள போவாங்க. சமைக்கிற சாமான் கிட்ட தோலு வரவே கூடாது."

சிவசங்கர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். போன் அடித்தான், ஹேமா அணைத்து வைத்திருந்தாள். கடையிலிருந்து ஒரு பஞ்சு சீட்டையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு மொபெட்டை விரட்டினான். போகும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டான். சீட்டு லூசாக இருக்கும் என்று சந்தேகமாக இருந்தது, பார்க்க வந்தேன் என்று சொல்வது. இரண்டு நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவது. உறைக்குள் இருந்ததை யார் பார்த்தார்கள்?

பாறைக்குக் கீழே ஒரு கிணற்றோரம் துணி கட்டி, ஹேமா சமையலை முடித்திருந்தாள். வண்டி ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. அவன் யோசித்து வைத்திருந்த காரணத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்த? வண்டி பூ மாதிரி வந்துச்சு சிவா. சீட்டு இன்னா சீட்டு அது, இடுப்பு வலியே தெரியல."

அவன் மரத்தடியில் குனிந்து சீட்டைக் கழற்றினான். ஹேமா துணிக்கு அப்பால் நின்றபடி பேசிக்கொண்டே இருந்தாள். மாவை மூன்று நாள் கையாலேயே அரைத்தாளாம். மாதாஜி வந்து நின்றதும், மனம் சுத்தம், வாக்கு சுத்தம், உடம்பு சுத்தம், ஆகாரமும் தண்ணீரும் சுத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் உட்காருவாராம்.

"ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கினேன். அங்க போயி நாக்கு குழறிடக் கூடாது இல்ல."

புதுச் சீட்டு பூட்டியாகிவிட்டது. போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். சிவசங்கரால் முடியவில்லை. உறையை உருவி, சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இது தோலுக்கா. தோலு ஆகாதுன்னு எனக்குத் தெரியலக்கா. நல்லதாச்சேன்னு போட்டேன்."

ஹேமா அந்தச் சீட்டைப் பார்த்தாள். பிறகு காலியாகக் கிடந்த மளிகைப் பையைப் பார்த்தாள்.

"பை இதுலதான் தொங்குச்சா?"

"ஆமாங்க்கா."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டா சொன்ன? மாத்திட்டுப் போய்க்கினே இருக்கறதுதானே."

"அப்பிடித்தாங்க்கா நெனச்சேன். யாருக்கும் தெரியாதுக்கா. நீங்க போடுங்க. பாவம் எங்கிட்ட இருக்கட்டும்."

ஹேமா அழுதாள். அவனைத் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை போலிருந்திருக்கும். அழுது முடித்து எழுந்தாள். சோறு, பருப்பு, ரொட்டி, பூசணிக்காய்க் கூட்டு என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் வைத்தாள். அவன் உதவிக்கு நகர்ந்தபோது கையால் தடுத்தாள். கிணற்றில் மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அடுப்பும் பாத்திரமும் இரும்புச் சட்டத்தில் தனியாக வந்தவை, அவற்றில் குறையில்லை. ஒரு சின்னக் குடம் தண்ணீர் இறைத்துத் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள். புகையை ஊதும்போதும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மாதாஜி வந்தார். வெள்ளைப் புடவை, கையில் மயில்பீலி, கூட இரண்டு பெண்கள். ஒல்லியான உடம்பு, கால் இரண்டும் வெடித்திருந்தன. முகத்தில் மட்டும் ஹேமாவின் சாடை அப்படியே இருந்தது. சிவசங்கர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

ஹேமா ஈரப் புடவையோடு கைகூப்பி நின்றாள்.

"மனம் சுத்தம். வாக்கு சுத்தம். உடம்பு சுத்தம்."

அங்கே நின்றுவிட்டாள். கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹேமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆகாரம் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடம்மா என்று சிவசங்கர் மனசுக்குள் கெஞ்சினான்.

"தண்ணி சுத்தம்" என்றாள் ஹேமா.

மாதாஜியின் பார்வை அடுப்புப் பக்கம் போனது, மரத்தடியில் மூடி வைத்திருந்த பாத்திரங்கள் மேல் போனது, தோல் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற சிவசங்கர் மேல் வந்து ஒரு நொடி தங்கியது. ஒருவேளை இப்படியே நடந்துவிடுவாரோ என்று அவன் பயந்தான். பட்டினியோடு நடப்பது அவருக்குப் புதிதில்லை.

மாதாஜி உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

ஹேமா ஆற வைத்த தண்ணீரைச் செம்பில் மொண்டு, அந்தக் கைகளில் வார்த்தாள். அவர் குடித்தார். மறுபடி நீட்டினார். இரண்டு செம்பு, மூன்று செம்பு. தாகத்துக்குக் குடிக்கிறவர் அதோடு நிறுத்தியிருப்பார். போதும் என்று அவர் கையை மடக்கவில்லை. பரிமாறப் பரிமாற வாங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியைப் போல, ஒவ்வொரு கையளவையும் நிதானமாக, முழுசாகக் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். ஹேமாவின் முகத்தில் சோறு போடுகிறவளின் களை வந்துவிட்டது.

சிவசங்கருக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஹேமா குடத்தைச் சாய்த்து அடித்தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.