நடப்பவர் கணக்கு

அளக்கும் சக்கரத்தை அகோசிட்டா தள்ளிக்கொண்டு போனாள். நீண்ட கைப்பிடியின் அடியில் ஒற்றைச் சக்கரம். மீட்டருக்கு ஒரு முறை அதன் பெட்டியில் எண் புரளும். நவுசோரி போகும் பெருஞ்சாலையில் தார் முடிகிற இடத்துக்கும் சாக்கடைப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் மண் இருந்தது. அந்த மண்ணில்தான் சக்கரத்தை உருட்ட வேண்டும். முந்தின நாள் மழையில் மண் குழைந்து கிடந்ததால் பத்தடிக்கு ஒரு தரம் அது சேற்றில் புதைந்து நின்றது. சரளைக்கல் ஏற்றிய லாரி ஒன்று ஒலியெழுப்பாமல் வந்தது. அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். லாரி கடந்ததும் மேலே ஏறி, விட்ட இடத்திலேயே அதை வைத்தாள்.

பின்னால் தாளும் பென்சிலுமாக பிரமிளா வந்தாள். "எவ்வளவும்மா?"

"நானூத்திப் பன்னெண்டு."

"எத்தனை தடவை பள்ளத்துல இறங்கினீங்க?"

"அதையும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுதணும்."

அகோசிட்டா யோசித்தாள். அவள் அதை எண்ணியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இறங்கி ஏறிக்கொண்டிருக்கிற பள்ளம் அது.

பயிற்சியின் நாலாவது சனிக்கிழமை அது. தலைநகரான சுவாவில் இருந்த ஒரு சிறிய சங்கம், சாலையோரக் குடியிருப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் ஊருக்காகப் பேசக் கற்றுக்கொடுத்தது. சாலையை அளப்பது, நடப்பவர்களை எண்ணுவது, படம் எடுப்பது, மனு எழுதுவது, அதிகாரி முன்னால் குரல் நடுங்காமல் நிற்பது. எல்லாம் நடைபாதைக்காக. நடத்திய பிரமிளா முன்பு பள்ளி ஆசிரியை. சங்கத்துக்கு வண்டி கிடையாது. அவளும் பேருந்தில்தான் வருவாள். முதல் வாரத்தில் அகோசிட்டாவுக்குப் பிடித்துப்போனது அது ஒன்றுதான்.

துணி ஆலையில் அவளுக்கு எதிர்ப்பக்க மேசை வானியுடையது. இருவரும் தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறவர்கள். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு அகோசிட்டா பயிற்சிக்குப் போவது வானிக்குத் தீராத வேடிக்கை.

"நடக்கிறதுக்கு கிளாஸாம்டீ! எம் பேரன் ஒரு வயசுல கத்துக்கிட்டான். இவளுக்கு நாப்பத்தஞ்சு வயசுல டீச்சர் வேண்டியிருக்கு."

"உம் பேரன் தார் ரோட்டுல நடந்தானா?"

"எங்க வீட்டுப் பாயில நடந்தான்."

"அப்ப அவனையும் அனுப்பு. ரெண்டு பேருமா படிக்கிறோம்."

மேசை முழுவதும் சிரித்தது. அகோசிட்டாவும் சிரித்தாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு, மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சுபாவம் அப்படி. சிரிப்பு முடிந்த இடத்திலிருந்து அவள் வேறெங்கோ போய்விடுவாள்.

போகிற இடம் பெரும்பாலும் மார்ச் மாதத்து ஒரு காலைதான். விடியாத இருட்டில் எல்லோரும் வரிசையாக ஆலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன மெரெசெய்னியின் முழங்கையில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அடித்தது. லாரி நிற்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. விரல்கள் மடங்கவில்லை, கத்தரி பிடிக்க முடியவில்லை, மே மாதம் வேலை போயிற்று. அந்த இடத்துக்கு இப்போது அகோசிட்டாவின் மகள் லூசியைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை அவள் அதே மேசையில் உட்கார வேண்டும், அதே வழியில் நடந்து போய்.

அளந்து முடித்து, சக்கரத்தைப் பள்ளத்துத் தண்ணீரில் கழுவும்போது பிரமிளா சொன்னாள். "தேதி வந்திருச்சும்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை. சாலை அலுவலகத்துலேருந்து ஆள் வந்து உங்க ரோட்டுல நடக்கிறவங்கள எண்ணுவாங்க. காலைல ஆறுலேருந்து ஏழரை. நூத்தம்பது பேர் நடந்தா இந்த வருசத் திட்டத்துலயே நடைபாதை வந்துரும்."

"நடக்கலேன்னா?"

"அப்புறம் அஞ்சு வருசம் கழிச்சுத்தான்."

அகோசிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "நூத்தம்பதா? எங்க வைந்தோங்கோவுல சர்ச் சந்துலேருந்தே அத்தனை பேர் வருவாங்க."

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். ஜனங்க வழக்கம்போல போகட்டும். உங்க கையிலயும் ஒரு எண்ணுற கருவி தர்றேன். அவரும் எண்ணட்டும், நீங்களும் எண்ணுங்க."

யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அகோசிட்டா பேருந்து நிறுத்தம் வரை நினைத்துக்கொண்டே வந்தாள். ஆலையில் சொல்லாமல் இருக்கலாம். லூசியிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளியூர் ஆட்கள் ஊர் எல்லையில் வந்து நிற்கப்போவதை ஊர்த்தலைவரிடம் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி யாரும் இருந்ததில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் முன் காணிக்கையாக வைக்கிற யங்கோனா வேரை ஒரு கட்டு நாளிதழில் சுற்றிக்கொண்டு ஊர்த்தலைவர் சேவனாயாவின் வீட்டுக்குப் போனாள். அவருக்கு எழுபத்தொரு வயது. அவள் அம்மாவோடு பிறந்தவர். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வேரை அவர் முன் வைத்து, சொல்ல வேண்டிய முறையில் சொன்னாள். அவர் வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, கைகளைக் குவித்துத் தட்டினார்.

"எதுக்கு வர்றாங்க?"

"நாம நடக்கிறதப் பாக்க, மாமா. எத்தனை பேர் நடக்கிறோம்னு எண்ண."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"ரெண்டு பேர். எங்க டீச்சரோட மூணு."

அவர் எழுந்து வாசல்வரை போய்ச் சாலைப் பக்கம் பார்த்தார். வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். "சரி," என்றார். "நம்ம ஊருக்குக் குறையில்லாம செஞ்சுரலாம்."

அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கே, சங்கம் கொடுத்த ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தபோது முதலில் அவளுக்கு இடம் தவறிவிட்டோமோ என்று தோன்றியது. முழங்கால்வரை வளர்ந்திருந்த புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. சேறு கிடந்த இடமெல்லாம் தேங்காய் மட்டையும் சரளையும் போட்டு மிதித்திருந்தார்கள். ஊருக்குள் திரும்பும் முனையில் இரண்டு கம்பங்களில் செம்பருத்தியும் குரோட்டன் இலையும் கட்டியிருந்தது.

பிரமிளா அதைப் பார்த்தாள். அகோசிட்டாவைப் பார்த்தாள்.

அலுவலகத்திலிருந்து வந்த பையன் பெயர் எமோரி. அவனோடு வந்த ஓட்டுநர் வண்டியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எமோரி மடக்கு நாற்காலியை விரித்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணி.

ஆறு ஐந்துக்கு ஒரு கிழவர் கத்தியோடு தோட்டத்துக்குப் போனார். அகோசிட்டா கருவியை அழுத்தினாள். ஒன்று. ரொட்டி வாங்கப் போன இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று. பிறகு யாரும் வரவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் சந்து முனையில் பேச்சும் சிரிப்புமாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கும்.

ஆறு இருபதுக்கு ஊருக்குள்ளிருந்து சர்ச் லாரி வந்தது. சாவுக்கும் மாநாட்டுக்கும் மட்டுமே வெளியே எடுக்கிற லாரி. பின்பக்கம் பலகை போட்டு, அதில் ஆலைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு வேறு. வானி நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டினாள்.

"அகோ! என்னடி கம்பம் மாதிரி நிக்கிற? ஏறு, இடம் இருக்கு!"

அகோசிட்டா சாலையில் இறங்கி ஓடினாள். "நிறுத்துங்க! இறங்குங்கடி! எல்லாரும் இறங்கி நடங்க!"

"என்னது?"

"நடக்கணும்டி! நடந்தாத்தான் கணக்கு!"

"விருந்தாளி முன்னாடி சேத்துல நடக்கவா இந்தச் சட்டையப் போட்டுட்டு வந்தேன்? போடி பைத்தியம்!"

லாரி நிற்கவில்லை. பாட்டு தூரத்தில் தேய்ந்தது. அவள் திரும்பி வந்தபோது எமோரி படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். லாரி திரும்பி வந்து இரண்டாவது நடை போயிற்று. மூன்றாவது நடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு. ஏழரைக்கு அவள் கையிலிருந்த கருவி பதினொன்று காட்டியது.

"எனக்கும் பதினொண்ணுதான்," என்றான் எமோரி.

"தம்பி, அந்த லாரியில போனவங்க எல்லாரும் தினம் நடக்கிறவங்க. நூத்தம்பது பேருக்கு மேல. இன்னிக்கு மட்டுந்தான்..."

"எனக்குப் புரியுதுக்கா. எங்க ஊருலயும் இப்படித்தான் செய்வாங்க." அவன் படிவத்தைத் திருப்பிக் காட்டினான். "ஆனா பாருங்க. நடப்பவர்னு ஒரு கட்டம். வாகனத்தில் போகிறவர்னு ஒரு கட்டம். கண்ணால பாத்ததத்தான் போடணும்."

"நாளைக்கு ஒரு நாள் வாங்க. ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு வேற இடம். நாப்பது இடம் இருக்கு. ஒரு இடத்துக்கு ஒரு நாள்தான்." அவன் வெட்டப்பட்ட புல்லைப் பார்த்துவிட்டு, 'ஓரத்தின் நிலை' என்ற வரிக்கு நேரே ஒரு குறி போட்டான். எந்தக் கட்டத்தில் போட்டான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

சர்ச் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் மீன், சூடான ரொட்டி. எமோரி கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மெரெசெய்னி இடது கையால் கெட்டிலைத் தூக்கி அவன் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். வலது கையைப் பாவாடை மடிப்பில் மறைத்திருந்தாள். அவன் நன்றி சொன்னான்.

விருந்தாளிகளின் வண்டி போன பிறகு அகோசிட்டா சேவனாயாவிடம் போனாள். அவர் படியில் உட்கார்ந்து புல்வெட்டும் கத்தியிலிருந்து காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு இரவு தூங்காத முகம்.

"மாமா, அவங்க நாம நடக்கிறத எண்ணத்தான் வந்தாங்க."

"தெரியும். நீ சொன்னியே."

"அப்ப ஏன் லாரி?"

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. மண் சிறு சிறு செதில்களாக விழுந்தது.

"எந் தங்கச்சிங்களும் மருமகளுங்களும் பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, செருப்பக் கையில வச்சிக்கிட்டு, பள்ளத்துல இறங்கி ஏறிப் போவாங்க. அத எவனோ ஒருத்தன் நாற்காலி போட்டு உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவான். நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா, அகோ?"

அவளிடம் பதில் இருந்தது. நாலு வாரமாகப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில், குரல் நடுங்காமல் சொல்ல வேண்டியது. ஆனால் அவருடைய உள்ளங்கையில் புதிதாக வந்திருந்த கொப்புளங்களைப் பார்த்தாள்.

"மறுபடி வரச் சொல்லு," என்றார் அவர். "இந்தத் தடவை லாரி வேணாம். நானே எல்லாரையும் நடக்கச் சொல்றேன்."

"அஞ்சு வருசம் ஆகும், மாமா."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அவள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மேற்பார்வையாளர் அரை நாள் விடுப்பு போட்டிருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை, ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சாலையின் எண்ணிக்கையை வாசித்தார்கள். இருநூற்றுப் பத்து. முந்நூற்று நாற்பது. நூற்றெண்பத்தாறு. அகோசிட்டா எழுந்து, "பதினொண்ணு," என்றாள். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"நான்தான் மாமாகிட்ட சொன்னேன்," என்றாள் பிரமிளாவிடம், எல்லோரும் போன பிறகு. "நீங்க சொல்ல வேணாம்னீங்க."

"தெரியும்மா." பிரமிளா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "மறுபடி எண்ணச் சொல்லி மனு எழுதிப் போட்டேன். நீங்க அளந்தது, மெரெசெய்னியோட ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வச்சு. பதில் வந்துச்சு." கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஒரு இடத்துக்கு ஒரு எண்ணிக்கை மட்டுமே செல்லும் என்று இருந்தது. மேலும், அந்த நேரத்தில் வாகனத்தில் சென்றவர்களின் தொகை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதால், சாலையின் வண்டித்தடத்தை இரு பக்கமும் அகலப்படுத்துவது பற்றி ஆராயப்படும் என்று இருந்தது. அகோசிட்டா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இரு பக்கமும் என்றால் அந்த ஒரு முழ மண்ணும் போய்விடும்.

அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை விடியற்காலையில் தூறிக்கொண்டிருந்தது. லூசி புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சந்து முனையில் நாற்பது ஐம்பது பெண்கள் சேர்ந்ததும் வரிசை நகர்ந்தது. முன்னால் வானி, நடுவில் லூசி, அவளுக்குப் பின்னால் அகோசிட்டா, மகளின் முழங்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளைவு தாண்டியதும் வரிசை தேங்கியது. சாலையின் குறுக்கே, விரல் தடிமனில் இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்கள் ஆணி அடித்து இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் நுனி ஓரத்து மண்ணைத் தாண்டிப் போய், மின்கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு சாம்பல்நிறப் பெட்டிக்குள் முடிந்தது.

"இது என்னம்மா?" என்றாள் லூசி.

"எண்ணுற பெட்டி. இதுமேல ஏறிப் போறத எல்லாம் எண்ணும்."

"அப்படியா?" வானி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயின் மேல் ஓங்கி மிதித்தாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு காலாலும் குதித்தாள். "ஏய், நான் எண்பத்தெட்டு கிலோடா! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

சிரித்துக்கொண்டே அடுத்தவள் மிதித்தாள். அதற்கடுத்தவளும். வரிசை நகர நகர, ஒவ்வொருத்தியும் சேற்றுக் காலால் குழாயை ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனாள். லூசியும் மிதித்தாள். அகோசிட்டா கம்பத்தருகே குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. யாரும் சொல்லாமலே வரிசை முழுவதும் பள்ளத்தில் இறங்கியது. அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சரளை லாரி குழாய்களின் மேல் ஏறிப் போயிற்று. பெட்டிக்குள் டிக் என்றது. மறுபடி டிக் என்றது.