கூரைப்புடவைக் கழுதை

ஸ்ரீரஞ்சனிக்குப் பொய் சொல்ல வராது என்று அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அன்று காலை மட்டும் அது தடங்கலில்லாமல் வந்துவிட்டது.

மந்தைவெளியில் அவள் வீட்டு முன்னறைதான் பட்டறை. பழம்புடவை, வேட்டி, பாவாடை என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் யானையாகவோ முயலாகவோ ஆக்கித் தருவாள். கண்ணுக்குப் பழைய சட்டைப் பொத்தான், வயிற்றுக்கு இலவம்பஞ்சு. தயங்கி நிற்பவர்களுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தாள். "பூட்டி வெச்ச பட்டு மடிப்புலயே இத்துப்போயிடும். அதுக்கு முன்னாடி எங்கிட்ட குடுங்கோ." சொல்லிச் சொல்லி அது அவளுக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

அன்று ராயப்பேட்டையிலிருந்து ஜுவேரியா வந்திருந்தாள். மகளுக்கு ஒரு குதிரை வேண்டும், அதுவும் தன் நிக்காஹ் துப்பட்டாவில். ஆசைப்பட்டது அவள்தான், ஆனால் துப்பட்டாவை மடியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. ஸ்ரீரஞ்சனி வழக்கமான பாட்டைப் பாடி முடித்ததும் ஜுவேரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க கல்யாணப் பொடவைய வெட்டிட்டீங்களா?"

"அது எப்பவோ வெட்டியாச்சு," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

ஜுவேரியாவின் முகம் தெளிந்தது. துப்பட்டாவை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போனாள்.

வெட்டியாச்சாம், எங்கே வெட்டினாள்? விவாகரத்தாகி ஒன்பது வருஷம். அரக்குக் கலர் கூரைப்புடவையைப் பீரோவின் அடித்தட்டில் தள்ளியவள், அப்புறம் அந்தத் தட்டின் பக்கமே போகவில்லை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் நறுக்கித் தள்ளியவளுக்குத் தன்னுடையதைத் தொடத் துணிச்சலில்லை.

துப்பட்டா மேஜைமேல் கிடந்தது. கத்திரிக்கோலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். ஒரு பொய்யை நம்பிக் கொடுத்த துணியில் கை வைக்க அவளுக்குக் கூசியது. முதலில் அந்தப் பொய்யை மெய்யாக்க வேண்டும், அதுவரை இந்தத் துணியைத் தொடுவதில்லை. அப்படி முடிவு செய்துகொண்டு நேரே பீரோவுக்குப் போனாள்.

தரையில் உட்கார்ந்தபோது ஒரு ஆறுதலும் இருந்தது. இத்தனை வருஷம் பிரிக்காத பட்டு மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருக்கும், கிழிந்ததைத்தானே வெட்டப்போகிறோம் என்ற ஆறுதல். பழந்துணிக்காரியின் கணக்கு அது. உருவி எடுத்துப் பிரித்தாள்.

ஒரு இழைகூட விடவில்லை. ஜரிகை பளிச்சென்று இருந்தது. அவள் மடித்த மடிப்பு இது இல்லை, கோடுகள் எல்லாம் வேறு இடத்தில் விழுந்திருந்தன. உள்ளே மல் துணியில் முடிந்த கிராம்பு வேறு, வாசனை போகாமல். அந்த வீட்டில் இருப்பதோ அவளும் அம்மாவும்தான்.

"அம்மா, இதை நீ எடுத்து எடுத்து மடிக்கறயா?"

சுப்புலக்ஷ்மி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆடியில ஒரு தரம், தையில ஒரு தரம். மடிப்பை மாத்தலேன்னா ஜரிகை ஒடிஞ்சுடும். உனக்குத் தெரியாததா?"

"எதுக்கும்மா? அவர் திரும்பி வருவார்னா?"

"மொதல்ல அப்படி நினைச்சுண்டுதான் மடிச்சேன், இல்லேங்கலே. அப்புறம் அவனுக்காக இல்லை. என்னிக்காவது நீ கேப்பே. கேக்கறச்சே கந்தலையா எடுத்துக் குடுக்கறது?"

ஸ்ரீரஞ்சனிக்கு அம்மாமேல் கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. பாழாய்ப்போன புடவை, கிழிந்தே கிடந்திருக்கக் கூடாதா?

"இப்போ கேக்கறேன்மா. வெட்டப் போறேன்."

"கூரைப்புடவையில கத்திரிக்கோல் வெக்கறதா? நம்மாத்துல யாரும் செஞ்சதில்லை."

"நம்மாத்துல யாரும் கோர்ட்டுக்குப் போனதுமில்லை. நான் போனேனே."

சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"வெட்டி என்ன பண்ணப் போறே?"

"கழுதை."

"கழுதையா? ஏன், ஒரு யானை பண்ணப்படாதோ? பசுமாடு பண்ணப்படாதோ?"

"கழுதைதான். இனிமே சுமக்க மாட்டேன்னு நிக்கற கழுதை."

கூடத்தில் புடவையை விரித்து, அட்டையில் வெட்டிய அச்சை மேலே வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். பட்டு ஒரு இடத்தில் நிற்காமல் வழுக்கியது. முழங்காலால் அழுத்திப் பார்த்தாள், தையல் மெஷின் மூடியை ஏற்றி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. வழுக்கினால் வழுக்கட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் புடவை விறைத்தது. சுப்புலக்ஷ்மி கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"கரையை வீணடிக்காதே. காதுக்கு வெச்சுக்கோ," என்றாள்.

ஸ்ரீரஞ்சனி வெட்டினாள். கெட்டியான பட்டு, முதல் வெட்டிலேயே கரகரவென்று சத்தம் போட்டது. சுப்புலக்ஷ்மியின் கண்ணில் தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும், எடுத்தால் துணி தளர்ந்துவிடும். அவள் எடுக்கவில்லை.

"போறும்மா, விடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"பேசாம வெட்டுடி," என்றாள் அம்மா. "இனிமே ஆடியும் தையும் எனக்கு லீவு."