பல்வைத்தியர் வீட்டு நிலா

சிவப்பு மிளகாய் விலை அடிமட்டத்துக்கு இறங்கிய ஆண்டில், அபாதின் ஊரின் பல்வைத்தியர் மிலுங்காவின் பால்கனியில் கொண்டைக்கடலை அளவுள்ள நிலா ஒன்று வந்து தங்கியது. வானத்து நிலா வழக்கம்போல் வானத்திலும் இருந்ததால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. டான்யூப் கரை மீன்காரர்கள் மட்டும், கெண்டை இனி எந்த நிலாவை நம்பித் தூண்டிலைக் கடிக்கும் என்று கொஞ்ச நாள் புலம்பினார்கள்.

எல்லாம் ஒரு சண்டையில் வந்த வினை. மிலுங்கா இரண்டு குளிர்காலம் கண்ணாடி தேய்த்துத் தன் கையாலேயே ஒரு தொலைநோக்கி செய்திருந்தாள். அவளுடைய கூம் பொகோல்யூப், அதாவது அவள் கல்யாணத்தில் சாட்சி நின்றவர், அவருக்கு இவள் கூமா, அதற்குப் பரிசாக வியன்னாவிலிருந்து அருமையான கண்வில்லை ஒன்று வாங்கி வந்தார். வில்லை இரண்டு அங்குலம். அதைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்த வேண்டிய குவியக்குழாயின் வாயோ ஒன்றேகால் அங்குலம். சின்னதைப் பெரியதில் பொருத்த ஒரு வளையம் போதும். பெரியதைச் சின்னதில் பொருத்த யாராவது ஒருவர் இறங்கி வரவேண்டும்.

“குழாயை மாத்து கூமா. பூனை போற சந்துல மாட்டை ஓட்டச் சொல்றியே!”

“பரிசு குடுக்கறவர் அளவு கேட்டுட்டு வாங்கணும், கூம். பல்லு பொருந்தலைன்னா நான் தாடையையா அறுக்கறேன்?”

அவர் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். அந்த வாசலை மிதிக்கவில்லை. இதில் மாட்டிக்கொண்டது மிலுங்காவுக்குப் பிறந்த பெண்குழந்தை. தேவாலயத்தில் பிள்ளைக்குப் பெயர் சொல்ல வேண்டியவர் கூம். அவரை விட்டுவிட்டு இன்னொருவரைக் கூப்பிட அபாதினில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. குழந்தைக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பெயர் வரவில்லை. “ஏய்” என்று கூப்பிட்டால் அவளோடு தெருநாய்களும் திரும்பிப் பார்த்தன. மிலுங்காவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அறுத்தது. ஆனாலும் குழாயை மாற்றவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில், ஆற்றாமையில், வில்லையே இல்லாமல் தொலைநோக்கியை நிலாவை நோக்கித் திருப்பினாள். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் குழாய் வாய்க்கு இரண்டு விரற்கடை வெளியே வந்து குட்டி நிலாவாகத் திரண்டது. வாங்கிக்கொள்ள வில்லை இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டது. தொலைநோக்கியை நகர்த்தினாலும் அது நகரவில்லை. வளர்ந்தது, தேய்ந்தது. அவள் கணவன் துணிக்கொடியைத் தள்ளிக் கட்டினான்.

சேதி கேட்ட பொகோல்யூப் ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தார்.

“உன்னைப் பாக்க வரல. அதைப் பாக்க வந்தேன்.”

“உங்களை யாரு கூப்பிட்டா? காப்பி இருக்கு, குடிங்க.”

அவர் வில்லையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குனிந்தார். மலைகளும் பள்ளங்களும் அப்படியே தெரிந்தன. பெருமூச்சு விட்டார். விட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. “பாத்தியா, குழாய் இல்லாமலே எவ்வளவு துல்லியம்!” “கை ஆடுதே உங்களுக்கு, குழாய் இருந்தா ஆடுமா?” என்று பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது. இருவரும் விரலை நீட்டி அங்குலம் காட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தை நாற்காலியில் ஏறி, நிலாவை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டது.

மிலுங்கா பாய்ந்து வாயைத் திறந்து பார்த்தாள். இரண்டு புதுக் கடைவாய்ப்பற்கள் இருந்தன, நிலா இல்லை. பொகோல்யூப் பிள்ளையை மடியில் படுக்க வைத்து, வயிற்றுக்கு மேலே வில்லையைத் தூக்கியும் இறக்கியும் தேடினார். ஓரிடத்தில் கை நின்றது. “இருக்கு! பத்திரமா இருக்கு, கூமா!” குழந்தை கிச்சுகிச்சு தாங்காமல் சிரித்து அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“இவ பேரு என்ன?”

“நீங்க இன்னும் சொல்லலியே, கூம்.”

அவர் வாய்விட்டு அழுதார். அந்த ஞாயிறே தேவாலயத்தில், பாதிரியார் கேட்பதற்கு முன்பே, “தெசங்கா!” என்று கூரை அதிரச் சொன்னார். அது அவருடைய அம்மாவின் பெயர்.

வில்லையும் குழாயும் இன்றுவரை பொருந்தவில்லை. தெசங்கா பக்கத்து ஊரான சோம்போரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பௌர்ணமியன்று அவள் கணவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். அமாவாசையன்று மட்டும் அவளும் எல்லாரையும்போல இருட்டில் தடவித்தான் செருப்பைத் தேடுகிறாள்.