பஞ்சலிங்கத்தின் வளவு கிளாலி போய்ச் சேர்ந்த விதம்

1991ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், உடுப்பிட்டிப் பஞ்சலிங்கத்தின் வளவு, வீடு, கிணறு, பனைகள், கட்டி நின்ற ஆடு எல்லாவற்றோடும் தெற்கே இருக்கிற கரவெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மாதம் மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு. விளக்குத் திரியை எவ்வளவு சுருக்கினால் எவ்வளவு நேரம் எரியும் என்பதைப் பற்றியே ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்ததால், வளவு போன செய்தி ஊருக்குள் பரவச் சில நாட்கள் எடுத்தன. பரவியபோதும் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. பஞ்சலிங்கம் வேலி அடைக்கிற விதத்தைப் பார்த்தவர்கள், இது எப்போதோ நடந்திருக்க வேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வேலி அடைக்கிற விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன் புரட்டாதியில், பழைய ஓலைக் கிடுகை அவிழ்த்து, பட்டுப்போன வேலிக் கதியால்களைப் பிடுங்கி, புதுக் கதியால் நட்டு, புதுக் கிடுகு வைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டும்போது ஒரு விரற்கடையாவது அடுத்தவன் பக்கம் தள்ளி அரக்கிக் கட்டாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கோயில் முகாமைக்காரரும் அரக்குவார், பள்ளிக்கூட வாத்தியாரும் அரக்குவார். ஆனால் பஞ்சலிங்கத்திடம் இருந்தது கலை. அவர் பூவரசங் கதியாலை வெளிப்புறமாகச் சற்றே சரித்து நடுவார். யார் பார்த்தாலும் காற்றுக்குச் சரிந்தது போலத் தெரியும். அது வேர் பிடித்துத் தழைத்து நிமிரும்போது அடுத்தவன் நிலத்தில் நிமிரும். அடுத்த வருடம் அந்த நிமிர்ந்த கதியாலைக் காட்டி, மரம் பொய் சொல்லுமோ என்று கேட்பார். தெற்குப் பக்கத்து வளவுக்காரரான தம்பிஐயா இதற்காக இருபது வருடமாக வழக்குப் பேசினார். நீதவான்கள் மாறினார்களே தவிர வழக்கு முடியவில்லை.

பஞ்சலிங்கத்துக்கும் மனைவி குணலட்சுமிக்கும் ஒரே பிள்ளை இராசமலர். 1984இல் கலியாணம் முடித்துப் புருசனோடு கொழும்புக்குப் போய், அங்கே ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்தாள். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு கிழமை லீவு கிடைக்கும். ரயில் ஓடிய காலத்தில் அந்த லீவு முழுவதும் உடுப்பிட்டியில்தான் கழிந்தது. 1990இல் ரயில் நின்றது. அடுத்த வருடம் ஆவணியில் அவள் பஸ்ஸிலும், லொறியிலும், உழவு இயந்திரத்திலும், யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரிலும் வந்தாள். வழியில் கொம்படி வெளியின் சேற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடந்தாள். வந்து சேர்ந்தது ஒரு பின்னேரம். திரும்பிப் போகவேண்டிய நாட்களையும் கழித்துப் பார்த்தால், அடுத்த நாள் மத்தியானம் புறப்பட்டாக வேண்டும்.

அந்த ஒரு நாளும் வீடு மிகவும் மரியாதையாக இருந்தது. குணலட்சுமிக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தபடியால் குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்துவிட்டது. மகள் அதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, நல்லாயிருக்கு அம்மா என்றாள். தாய் சொன்ன ஊர்ப்புதினத்துக்கெல்லாம் தலையாட்டினாள். சின்ன வயதில் வாய்க்கு வாய் காட்டிய பெண் அவள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்கப் பயந்து கதைத்தார்கள். போகும்போது குணலட்சுமி சந்தி வரை அழுதுகொண்டே நடந்தாள். திரும்பி வந்து சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அரிசி புடைக்காமலே இருந்தாள்.

"என்ரை பிள்ளை வந்து போன மாதிரி இல்லையப்பா" என்றாள் புருசனிடம். "ஆரோ வீட்டுப் பிள்ளை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன மாதிரிக் கிடக்கு. நாங்கள் கொஞ்சம் அங்காலை, தெற்குப் பக்கமா இருந்திருந்தால் இன்னும் ரெண்டு நாள் நிண்டிருப்பாள்."

கொழும்புக்குப் போய் மகளோடு இருக்கலாமே என்று சொன்னவர்களும் உண்டு. அங்கே எல்லாம் மதில், புரட்டாதியில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று பஞ்சலிங்கம் திருப்பிக் கேட்டார். ஆனால் மனைவி சொன்னது அவருக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. அவருக்கு அழத் தெரியாது, வேலி அடைக்கத் தெரியும். அந்த வருடம் கோபத்தோடு குழி தோண்டும் அலவாங்கை எடுத்தவர் தெற்கு வேலியை ஒரு சாண் தெற்கே அரக்கினார். கோபம் ஆறவில்லை. வடக்கு வேலியையும் பிடுங்கி ஒரு சாண் தெற்கே நட்டார். கிழக்கையும் மேற்கையும் அதே கணக்கில் இழுத்தார். ஒரு வேலியை அரக்கினால் வளவு பெருக்கும், நான்கு வேலியையும் ஒரே திசைக்கு அரக்கினால் வளவு நகரும் என்பது அவ்வளவு அனுபவசாலிக்கு அப்போது தோன்றாமல் போனது. விடியற்காலையில் குணலட்சுமி தண்ணீர் அள்ளப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கறிவேப்பிலை கேட்டது தம்பிஐயாவின் மனைவி அல்ல. கரவெட்டிப் பாலேஸ்வரி. குணலட்சுமி ஒரு கொத்து முறித்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் புருசனை எழுப்பினாள்.

ஒரு சாணுக்கு ஏன் இவ்வளவு தூரம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இடையில் இருந்த வளவுகள் கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டன, போனபின் பழையபடி பொருந்திக்கொண்டன. தம்பிஐயாவின் வளவில் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அவரால் பொறுக்க முடியவில்லை. பஞ்சலிங்கம் கொண்டுபோனதில் தன்னுடைய நிலமும் இரண்டு விரற்கடை சேர்ந்து போயிருக்கிறது என்று சைக்கிள் மிதித்துக் கரவெட்டிக்கு வந்தார். இரண்டு பேரும் மத்தியானம் வரை சத்தம் போட்டார்கள். பிறகு குணலட்சுமி சோறு போட்டாள். உடுப்பிட்டியில் இப்போது பக்கத்து வளவுக்காரன் எல்லையை ஒழுங்காகப் பிடிக்கிற மனிதன், அவனோடு இருந்து என்ன பிரயோசனம் என்று தம்பிஐயா சாப்பிட்டுக்கொண்டே குறைப்பட்டார். அதற்குப் பிறகு வளவு எங்கே போனாலும் அவர் வருடத்துக்கு ஒரு தடவை தன்னுடைய இரண்டு விரற்கடையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

1992இல் பஞ்சலிங்கம் தெரிந்தே அரக்கினார். வளவு கப்பூது வெளியில் ஒரு பகல் தங்கி இளைப்பாறி, வரணியில் போய் நின்றது. அந்த வருடம் மகளுக்கு மூன்று நாள் மிஞ்சியது. மூன்றாம் நாள் தலையணை உயரம் போதாது என்று ஒரு சொல் சொன்னாள். குணலட்சுமி அதைப் பெரிய செய்தியாக வரணி முழுக்கச் சொல்லித் திரிந்தாள். 1993இல் கொடிகாமம். சந்தைக்குப் பக்கத்தில் வளவு நின்றதால் தேங்காய்க்குக் குறைவில்லை. கிராமசேவகர் மட்டும், போன வருடம் வரணியில் பதிந்த கூப்பனை வைத்துக்கொண்டு இங்கே அரிசி எடுக்க முடியாது என்று சொன்னார். நான் எங்கும் குடிபெயரவில்லை, என்ரை வளவுக்குள்ளேதான் இருக்கிறேன் என்று பஞ்சலிங்கம் வாதாடினார். கிராமசேவகர் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்று அரிசியைக் கொடுத்தார். மகளுக்கு அந்த முறை ஐந்து நாள் கிடைத்தது. சொதி நீர்த்துப்போய் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

1994 ஆடியில், புரட்டாதி வரட்டும் என்று பாராமல், பஞ்சலிங்கம் நாலாம் தடவையாக அரக்கினார். வளவு கிளாலியில், கடல்நீரேரிக் கரையில், படலை தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. அந்தக் காலத்தில் தெற்கேயிருந்து வருகிற சனம் கடற்படைக்குப் பயந்து இருட்டோடு படகில் அந்த நீரேரியைக் கடந்து வந்தது. ஏறியவர்களில் கரை சேராதவர்களும் உண்டு. வளவை அக்கரைக்குக் கொண்டுபோக முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பேன் என்று பஞ்சலிங்கம் சொன்னார். இராசமலர் வந்த படகு விடியும் நேரத்தில் கரை தட்டியது. அவள் நனைந்த பாவாடையைப் பிழிந்தாள், பையைத் தோளில் போட்டாள், பத்து எட்டு நடந்து பிறந்த வீட்டுப் படலையைத் திறந்தாள். பஞ்சலிங்கம் அவளைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வியான எப்ப போறாய் என்பதை அன்றைக்குக் கேட்கவில்லை. குணலட்சுமி முகத்தைத் தடவிப் பார்த்து, மெலிஞ்சு போனாய் என்றாள்.

முதல் மூன்று நாள் மரியாதை நடந்தது. நான்காம் நாள் இராசமலர் குசினியைக் கூட்டித் துடைத்து, தாய்க்குக் கண் தெரியாதே என்ற அக்கறையில் உப்புப் பேணியையும் சீனிப் பேணியையும் கைக்கு எட்டக்கூடிய தட்டுக்கு மாற்றி வைத்தாள். பின்னேரம் வழக்கம்போல எல்லை பார்க்க வந்த தம்பிஐயாவுக்குக் குணலட்சுமி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாலித் தண்ணீர் உவர் என்று கேள்விப்பட்டதுண்டு, இவ்வளவு என்று தெரியாது என்றார்.

"ஆர் உன்னை என்ரை குசினியிலை கை வைக்கச் சொன்னது?" என்று குணலட்சுமி மகளிடம் கேட்டாள்.

"உங்களுக்குக் கண் தெரியேல்லை அம்மா. அதுதான் கிட்டவா வச்சனான்."

"கண் தெரியாட்டி என்ன, என்ரை கைக்குத் தெரியும். பத்து வருசமாக் கொழும்பிலை இருந்து போட்டு வந்து எனக்குக் குசினி படிப்பிக்கிறியோ?"

மகளும் விடவில்லை. பத்து வருடத்தில் சொல்லாமல் விழுங்கிய உப்புக் குழம்பு, தன்னைக் கேளாமல் பேசி முடித்த கலியாணம், யாருக்கோ தூக்கிக் கொடுத்த தன்னுடைய பள்ளிக்கூடச் சைக்கிள் எல்லாம் வெளியே வந்தன. தாயும் தன்னிடம் இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டாள். பிறகு இரண்டு பேரும் கதைக்காமல் விட்டார்கள். உங்கடை மகளைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ என்று தாய் தகப்பனிடம் சொல்ல, பசியில்லை எண்டு உங்கடை மனுசியிட்டைச் சொல்லுங்கோ ஐயா என்று மகள் சொன்னாள். பஞ்சலிங்கம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனார். அவ்வளவு சந்தோசமாக அவரை யாரும் பார்த்ததில்லை. குணலட்சுமி பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவை வேலிக்குக் கூப்பிட்டு, என்ரை மகள் வந்து நிற்கிறாள், எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை என்று மெதுவாகச் சொன்னாள்.

லீவு முடிந்து மகள் புறப்பட்ட அன்று குணலட்சுமி படலைக்கு வரவில்லை, அழவுமில்லை. சீனிப் பேணியைப் பழைய தட்டிலேயே வைத்துக்கொண்டு, குசினிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"வாற வருசம் வரேக்கை உந்தப் புத்தியைக் கொழும்பிலை வச்சிட்டு வா."

"வச்சிட்டு வாறன்" என்று இராசமலர் கத்திவிட்டு, பொழுதுபடுகிற நேரம் படகில் ஏறினாள். பாதி நீரேரி வரை அவளுக்குக் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. கரையில் பஞ்சலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, தெற்கு மூலைக் கதியாலைச் சற்றே சரித்து நட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அது துளிர் விட்டது. படகோட்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள்.